பாபினை நைரோபிக்கு அழைத்துப் போன கதை

நாயை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது எப்படி என்று என்னைக் கேட்டால், "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றுதான் முதலில் சொல்வேன். அதற்கு மேலும் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட் எங்கே எடுத்தேன், எந்த ஊரில் விமானம் மாறினேன் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை எந்த ஏஜெண்டும் சொல்லிவிடுவான். நாய்க்குக் கூண்டு செய்வது, செய்த கூண்டுக்குள் நாயை நுழைய வைப்பது, இதற்கெல்லாம் முன்னால் பெண்டாட்டி மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, இதையெல்லாம் ஒரு ஏஜெண்டும் சொல்லித்தர மாட்டான்.

எழுபதுகளின் கடைசி. கென்யாவில், நைரோபிக்குப் பக்கத்தில் ஒரு நெசவாலையில் எனக்குத் தறிகளைப் பழுதுபார்க்கிற ஃபிட்டர் வேலை. ஒரு வருஷம் தனியாக இருந்து, நானே பொங்கி, நானே தின்று, நானே பாத்திரம் கழுவினேன். குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ் கிடைத்ததும், இருபத்தோரு நாள் லீவு போட்டு சுலோச்சனாவை அழைத்துப் போகத் திருத்தணிக்கு வந்தேன். சுலோச்சனா என் மாமன் மகள். திருத்தணிக்குப் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த அம்மையார்குப்பத்தில் எங்கள் இரண்டு வீட்டுத் தறிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சின்ன வயசிலிருந்து என்னை அத்தான் முறைக்கு 'பாவா' என்று கூப்பிட்டவள், தாலி கட்டின பிறகும் அதையே கூப்பிடுகிறாள். அவள் தம்பி தாமுவும் அப்படித்தான்.

முதல் நாள். ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினேன். ஒரு வருஷம் கழித்து வருகிற புருஷனை வாசலில் வரவேற்றது, நான் போன பிறகு சுலோ வளர்த்த நாய் பாபின். வரவேற்றது என்றால், என் பேண்ட்டைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அரக்கோணம் ரயில்வே காலனியிலிருந்து வந்த பொமரேனியன் அம்மாவுக்கும், யாரென்று தெரியாத அப்பாவுக்கும் பிறந்தது. உடம்பெல்லாம் கறுப்புச் சடை. நெற்றியிலிருந்து வலது காது வரைக்கும் மட்டும் வெள்ளை முடி, கோணல் வகிடு எடுத்த மாதிரி. குட்டியாக இருக்கும்போது தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிற பாபின் கட்டைகளை உருட்டிக்கொண்டு திரிந்ததால் அந்தப் பேர்.

"பாபின், வுடு. அது பாவா" என்றாள் சுலோ. அது விட்டது. ஆனால் நம்பவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ஒரு வருஷம் கனவில் மட்டும் கண்ட கத்தரிக்காய்க் காரக்குழம்பு, அப்பளம், கெட்டித் தயிர். இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது, சுலோ மெல்ல ஆரம்பித்தாள்.

"லெட்டர்ல எழுதியிருந்தேனே, பாபினும் வரும்னு. அதுக்கு இன்னா ஏற்பாடு பண்ணீங்க?"

எழுதியிருந்தாள். நான்கு கடிதத்தில் எழுதியிருந்தாள். நான் வேடிக்கைக்கு எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னேன். கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"வேடிக்கையா? அது வந்தா நான் வர்றேன். இல்லாங்காட்டி நீங்க மட்டும் போய்ட்டு வாங்க பாவா."

சுலோ கத்திச் சொன்னால் சமாதானம் செய்துவிடலாம். அப்பளம் நொறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அன்று அப்பளம் நொறுக்கிக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவனுக்கு மதிப்பில்லை, ரயில்வே காலனி நாய்க்கு மதிப்பா என்று குதித்தேன். பாபின் எழுந்து வந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

இரண்டாம் நாள் தபால் ஆபீஸ். கென்யாவுக்குள் நாய் வர அந்த ஊர்ச் சர்க்காரின் பர்மிட் வேண்டும். எங்கள் ஆலை ஸ்டோர்கீப்பர் ஒரு குஜராத்திக்காரர், எதையும் நடத்திக்கொடுப்பவர். அவருக்குத் தந்தி எழுதினேன்: "நாய் பர்மிட் உடனே அனுப்பவும், மனைவி வர மறுப்பு." தந்தி வாங்குகிற கிளார்க் அதைச் சரிபார்க்கிற சாக்கில் உரக்கப் படித்தார். பின்னால் மணியார்டர் வரிசையில் நின்ற இருபது பேரும் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் காய்கறிக்காரி வரைக்கும் விசாரித்துவிட்டாள்: "இன்னாங்க, வூட்டுக்காரம்மா வரமாட்டேன்னுட்டாங்களாமே? நாய்க்காகவா?" ஊரில் எனக்கிருந்த 'ஆப்பிரிக்கா ரிட்டர்ன்' மரியாதை அன்றோடு போயிற்று.

மூன்றாம் நாள் மாட்டாஸ்பத்திரி. டாக்டர் ஒரு எருமையின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"இந்த ஆஸ்பத்திரியிலருந்து ஆந்திராவுக்கு மாடு போயிருக்குங்க, கடாரிக் கன்னு போயிருக்கு. பாரின் போற மொத ஆளு இதுதான்" என்றார். வெறிநாய்க்கடி ஊசி பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும், இப்போது போட்டால் பயன் இல்லை என்று அவர் சொன்னபோது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். அதற்குள் சுலோ பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். இரண்டு மாசம் முன்னாலேயே அரக்கோணத்துக்கு நாயைப் பஸ்ஸில் கூட்டிப்போய், இரண்டு பேர் டிக்கெட் எடுத்து, ஊசி போட்டுச் சான்றும் வாங்கி வைத்திருக்கிறாள்.

"நீங்க வேடிக்கைன்னு நெனச்சிகினு இருந்தீங்க. நான் சும்மா இருக்க முடியுமா?" என்றாள்.

டாக்டர் சிரித்தார். உடல்நலச் சான்று மட்டும் பயணத்துக்கு ஒரு வாரத்துக்குள் வாங்க வேண்டும், அப்போது வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

நான்காம் நாளிலிருந்து கூண்டு. நாய் எழுந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், படுக்க வேண்டும், காற்று வர வேண்டும் என்று விமானக் கம்பெனி ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தது; அதையும் சுலோ முன்னாலேயே எழுதி வாங்கி வைத்திருந்தாள். அம்மையார்குப்பத்தில் தறி செய்கிற ஆசாரியிடம் போனோம். அவர் தாளைத் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இந்தத் தாளுல இருக்கிறது நாலு நாளுக்குத் தாங்கும். நான் பண்ணா உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்" என்றார்.

சொன்னபடியே செய்தார். ஒரு ஆணி கிடையாது. தறிச் சட்டம் மாதிரி துளை போட்டு, முளை வைத்து, ஆப்பு அடித்துச் சேர்த்த கூண்டு. இரண்டு ஆள் தூக்க வேண்டும். நாய் ஏழு கிலோ, கூண்டு இருபத்தெட்டு கிலோ. "இன்னா ஆசாரி, இதுல யானை போவுதா?" என்று தாமு கேட்டான். ஆசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் இரண்டு நாள் இழைத்து இழைத்துப் பதினாறு கிலோவுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு இழைப்புக்கும் ஆசாரி ஒரு பெருமூச்சு விட்டார்.

கூண்டு வீட்டுக்கு வந்தது. பாபின் நாலு பக்கமும் முகர்ந்து பார்த்தது. ஒரு காலைத் தூக்கி அது தன் சொத்து என்று அடையாளம் செய்தது. உள்ளே மட்டும் போகாது. கருவாடு போட்டோம். கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து தின்றது. கேழ்வரகுக் களி உருண்டை போட்டோம். அதற்கும் அதே கதிதான்.

"பாவா, நீங்க உள்ள போய்க் காட்டுங்க" என்றாள் சுலோ.

"எனக்கென்ன பைத்தியமா?"

"அது மனுஷங்க பண்றதப் பாத்துத்தான் பண்ணும். நான் புடவை கட்டிகினு எப்படிப் போறது?"

போனேன். வேறு என்ன செய்ய? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையும் தோளும் நுழைந்து இடுப்போடு மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா மோர் கேட்டு வந்தாள். "ஐயய்யோ, அண்ணனக் கூண்டுல அடைச்சிட்டியா சுலோ!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. தாமுதான் இரண்டு ஆப்பைத் தட்டிக் கழற்றி என்னை விடுவித்தான். ஆணி அடித்த கூண்டாக இருந்தால் அன்றைக்கு என் கதி என்ன ஆகியிருக்கும்? ஆசாரிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அதற்கு அடுத்த நாள் பாபின், யாரும் சொல்லாமலே, தானாகப் போய்க் கூண்டுக்குள் சுருண்டு தூங்கியது. இப்படியும் ஒரு பிறவி!

விமானச் சத்தத்துக்குப் பயப்படுமோ என்று கேட்டேன். அதற்கு யாரும் கவலைப்படவில்லை. பவர்லூம் ஷெட்டில் எட்டு தறி ஒன்றாக அடிக்கும்போது கீழே படுத்துக் குறட்டை விடுகிற நாய் அது.

கவலை எல்லாம் பர்மிட்தான். எட்டாம் நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் வரவில்லை. பத்தாம் நாள் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதித்துப் போனார், பாவம். சுலோ ஊறுகாய் போட எடுத்த எலுமிச்சையைத் திருப்பி வைத்துவிட்டாள். பயணத்துக்காக வாங்கி வைத்திருந்த பெட்டியில் என் துணியை மட்டும் மடித்து வைத்தாள். இன்னும் ஒரு வருஷம் தனியாகப் பொங்கித் தின்பதை நினைத்தால் அழுகையே வரும்போல இருந்தது. நாயை அது வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத் தெருமுனை வரை போய்த் தபால்காரருக்காக நின்றேன்.

பதினோராம் நாள் காலையில் சுலோ குளித்துவிட்டு மலை ஏறினாள். இறங்கி வந்து, காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"வேண்டிகினேன். பர்மிட் வந்துச்சுன்னா மொட்டை போடறேன்னு."

"யாருக்கு? உனக்கா?"

"எனக்குப் பூமுடிதான். நுனியில மூணு இணுக்கு முடி. மொட்டை உங்களுக்கும் பாபினுக்கும்."

என்னைக் கேட்காமல் என் தலையை வேண்டிக்கொள்ள இவள் யார் என்று சண்டை போட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, நீளமான பழுப்புக் கவரில், ஆப்பிரிக்கத் தபால்தலையோடு பர்மிட் வந்து சேர்ந்தது. தபால்காரர் வாசலிலேயே நின்று, "வூட்டுக்காரம்மா வர்றாங்களா இப்போ?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார்.

பதிமூன்றாம் நாள் டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கினோம். நல்ல மனுஷன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாபினைச் சுற்றிச் சுற்றி வந்து, அடையாளக் குறி என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார். கறுப்பு நிறம். நெற்றியிலிருந்து வலது காது வரை வெள்ளை முடிப் பட்டை, நடுவில் கோணல். "இந்த ஒரு அடையாளம் போதும், ஆயிரம் நாய்ல தனியா தெரியும்" என்றார். முத்திரை குத்தினார். காகிதத்தைப் பத்திரமாகப் பையில் வைத்தோம்.

பதினாறாம் நாள் வேண்டுதலை நிறைவேற்றப் போனோம். நாயை மலைமேல் விட மாட்டார்கள் என்று எங்களுக்கே தெரியும். அதனால் அடிவாரத்தில், குளத்துப் பக்கம் மொட்டை போடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் முதலில் என் தலையைப் பார்த்தார், அப்புறம் பாபின் தலையைப் பார்த்தார்.

"யம்மா, நான் முப்பது வருசமா கத்தி புடிக்கறேன். இந்த மாதிரி கிராக்கி வந்ததில்ல" என்றார். "கடிக்குமா?"

"அவரத்தான் கடிக்கும். உங்கள ஒண்ணும் பண்ணாது" என்றாள் சுலோ.

தனியாக ஒரு புது பிளேடு வாங்கிக் கொடுத்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாபின் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, ஞானி மாதிரி உட்கார்ந்திருந்தது. என் தலையில் மூன்று இடத்தில் கீறல். அதன் தலையில் ஒன்றுகூட இல்லை. சுற்றி வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒரு தெலுங்குக்காரி தன் புருஷனிடம், "பார், வாயில்லாத ஜீவன் எப்படி அடங்கி உட்கார்ந்திருக்கிறது, நீ குதித்தாயே" என்று தெலுங்கில் சொன்னாள். இரண்டு மொட்டைக்கும் சந்தனம் அப்பினோம். தாமு பஞ்சாமிர்தம் வாங்கி வந்தான். எனக்கு முன்னால் பாபினுக்குத்தான் கொடுத்தான்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. நான் ஐ.டி.ஐ. படித்தவன், தாமு பி.ஏ., சுலோ எங்கள் இருவரையும்விட விவரம். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் மொட்டைத் தலை என்பது ஆளை மாற்றுகிற விஷயமே இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை பாதித் தெரு மொட்டையாகத் திரியும். கடன் கொடுத்தவன்கூட மொட்டை போட்டவனை அடையாளம் தெரியாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் கிளம்பினோம். வழியனுப்ப தாமு கூட வந்தான். ரயிலில் கூண்டைப் பார்த்த டி.டி.ஆர். அது என்ன என்று கேட்டார். "நைரோபி போறாரு சார்" என்றான் தாமு. "யாரு, நீங்களா?" என்று என்னைக் கேட்டார். "ரெண்டு மொட்டையும்" என்றாள் சுலோ. பெட்டியே சிரித்தது. அரக்கோணத்தில் வண்டி வழக்கம்போல காரணம் சொல்லாமல் நின்றது. சூடான வடையும், தண்ணீராக இருந்தாலும் காரம் குறையாத சாம்பாரும் வாங்கித் தின்றோம். அதற்குப் பிறகு அந்த மாதிரி வடை எனக்கு எந்த விமான நிலையத்திலும் கிடைக்கவில்லை.

மீனம்பாக்கம். டிக்கெட் கவுண்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்தாள். அதில் எனக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. என் மண்டையைப் பார்த்தாள். "திருப்பதியா?" என்றாள். "திருத்தணி" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தாள். அவ்வளவுதான் வேலை. அடுத்து, விலங்குகளைச் சோதிக்கிற அதிகாரியின் அறை.

அவர் நெல்லூர்ப் பக்கத்து மனிதர். ஆந்திர எல்லையோரம் வளர்ந்த நான் தெலுங்கில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்தது. ஊசிச் சான்று பார்த்தார், சரி. பர்மிட் பார்த்தார், சரி. உடல்நலச் சான்றை எடுத்தார். படித்தார். கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"வெள்ளை முடிப் பட்டை எங்கே?" என்றார்.

சுலோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொட்டை போட்டோம்" என்றேன்.

"யாருக்கு?"

"இதுக்குத்தான். வேண்டுதல்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஐயா, எனக்கும் சாமி உண்டு. நானும் மொட்டை போட்டவன்தான். ஆனால் என் மேஜையில் இருக்கிற காகிதம் சொல்கிற நாய் வேறு, கூண்டில் இருக்கிற நாய் வேறு. இதை எப்படி அனுப்புவேன்? புதுச் சான்று வாங்கி வாருங்கள்." விமானம் கிளம்ப இரண்டரை மணி நேரம். மாட்டாஸ்பத்திரியோ திருத்தணியில் இருக்கிறது.

சுலோ கூண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னாலதான் பாவா" என்றாள். அப்புறம் தாமுவைப் பக்கத்தில் கூப்பிட்டு என்னவோ முணுமுணுத்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அது வந்தால் நான் வருகிறேன். வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். எனக்கு அந்த ஆலைக் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய்.

"சார்," என்றேன், "என் பாஸ்போர்ட்டில் முடி இருக்கிறது. என் தலையில் இல்லை. அங்கே அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். மொட்டை போட்டால் மனுஷன் அதே மனுஷன், நாய் மட்டும் வேறு நாயா?"

"பாஸ்போர்ட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கேட்டால் பேர் சொல்வீர்கள். இது சொல்லுமா?"

"சொல்லும். பாபின்!" என்று கூப்பிட்டேன். அந்தத் துரோகி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

சுலோ மெல்ல "பாபின்" என்றாள். வால் கூண்டின் பக்கத்தில் தடதடவென்று அடித்தது.

"சோறு போடுகிறவர் கூப்பிட்டால் எந்த நாயும் வாலாட்டும்" என்றார் அதிகாரி.

அப்போது எனக்கு வந்த கோபம், அவர் மேல் வந்ததா, நாய் மேல் வந்ததா, என் மேலேயே வந்ததா என்று இன்று வரைக்கும் தெரியாது. தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து கத்தினேன்.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்! சோறு போட்டவ இவ. கூட இருந்தது அது. நான் ஒரு வருஷம் இவளைத் தனியா வுட்டுட்டுப் போய்ட்டேன். ஜுரம்னு இவ படுத்தா, அது வாசப்படியில படுத்துகினு ஒருத்தரையும் உள்ள வுடலயாம். நான் இன்னா பண்ணேன்? லெட்டர் போட்டேன். நாலு லெட்டர்ல எழுதினா, அதக்கூட வேடிக்கைன்னு நெனச்சேன். இப்ப அத வுட்டுட்டு வான்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? இந்த நாய் போகலன்னா நானும் போகல. வேலை போனா போவுது. கேன்சல் பண்ணுங்க என் டிக்கெட்ட!"

அறைக்கு வெளியே இரண்டு போர்ட்டர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தாமு என் கையைப் பிடித்து இழுத்தான். எனக்கு மூச்சு வாங்கியது. கேன்சல் என்று சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "டிக்கெட் என் வேலை இல்லை. கொஞ்சம் தண்ணீரும் ஒரு துணியும் கொடுங்கள்" என்றார். கூண்டைத் திறந்தார். சுலோ பாபினைப் பிடித்துக்கொள்ள, அவர் அதன் தலையில் காய்ந்திருந்த சந்தனத்தை நனைத்து நனைத்துத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். நாங்கள் எல்லாரும் குனிந்தோம். மொட்டை மண்டையில் கறுப்பு முடி இருந்த இடத்தில் தோல் சாம்பலாக இருந்தது. வெள்ளை முடி இருந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. நெற்றியில் தொடங்கி, நடுவில் கோணி, வலது காதில் போய் முடிந்தது.

"முடி போனாலும் தோல் பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, சான்றின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த முறை முதலில் மொட்டை, பிறகு சான்று" என்றார். நான் அவர் காலில் விழப்போனேன். "வேண்டாம் ஐயா, போங்கள், நேரமாகிறது" என்று விரட்டினார்.

நைரோபியில் காலையில் இறங்கினோம். சித்திரை மாசத்தில் சுலோவுக்குக் குளிர்ந்தது. பல் நடுங்க, "இது ஆப்பிரிக்காவா, ஊட்டியா?" என்று கேட்டாள். கூண்டு வந்தது. ஆசாரி சொன்ன மாதிரியே ஒரு ஆப்புகூட அசையவில்லை. பாபின் இறங்கி, உடம்பை ஒரு உதறு உதறி, ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் கம்பத்தை முகர்ந்து பார்த்துத் தன் கடமையைச் செய்தது. அங்கே நின்ற சுங்கக்காரர் அதன் மண்டையைப் பார்த்து, "இதற்கு என்ன நோய்?" என்று கேட்டார். நோய் இல்லை, சாமி என்றேன். அவர் என் மண்டையையும் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் பாபின் ரொட்டி தின்னவில்லை, பால் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆலை வாட்ச்மேன், மக்காச்சோள மாவில் கிளறிய உகாலியில் ஒரு உருண்டை கொண்டுவந்து வைத்தார். வெள்ளையாக இருந்தாலும் நம் களிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. ஒரே வாயில் விழுங்கிவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டது. சுலோவும் ஒரு பிடி தின்று பார்த்து, "உப்பு பத்தல. கருவாட்டுக் கொழம்பு வெச்சா நல்லா இருக்கும்" என்றாள்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஆலை கிடையாது. சுலோ சமையல் முடித்து எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் இரண்டு தட்டு. எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அந்த அதிகாரி மட்டும் நல்ல மனுஷனாக இல்லாவிட்டால் இந்நேரம் நீ திருத்தணியில், நான் இங்கே, என்று சொல்லி நான் பெருமூச்சு விட்டேன்.

"இல்ல பாவா, நான் வந்திருப்பேன்" என்றாள்.

"என்ன?"

"அவரு இல்லன்னு சொன்ன ஒடனே முடிவு பண்ணிட்டேன். பாபின இட்டுகினு ஊருக்குப் போடான்னு தாமு கிட்ட சொல்லிட்டேன். அவனும் சரின்னுட்டான். என்னால ஆன தப்புக்கு உங்கள மறுபடியும் தனியா வுடறதா?"

கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். "அப்புறம் ஏண்டி வாயத் தொறக்கல? நான் அங்கே தொண்டை கிழியக் கத்திகினு இருந்தேனே! வேலையக்கூட வேணாம்னு சொன்னேனே!"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிட்டீங்க." ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். "எனக்காக நீங்க ஒருத்தர் கிட்ட சண்டை போட்டு நான் பாத்ததே இல்ல பாவா. கொஞ்ச நேரம் கேட்டுகினு இருக்கலாம்னு தோணிச்சி."

"அடிப்பாவி!" என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.